சக்கரத்தை விட மாட்டேன் என்றேன்

என் ஊர் குனோங் ராபாட்டிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் லூமுட் கடலுக்குப் போவேன். எட்டு வருடமாக இரண்டு பேர் உட்காரும் சின்னப் பாய்மரப் படகுதான் ஓட்டினேன். அதில் படகைத் திருப்பும் சுக்கானுக்கு ஒரு கட்டைதான் கைப்பிடி. இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும்.

போன வருடம் பெரிய பந்தயப் படகு ஒன்றை ஓட்டிப் பழக வாய்ப்புக் கிடைத்தது. அதில் காரில் இருப்பதுபோல் சக்கரம். முதல் நாளே பலத்த காற்று. பழக்கதோஷத்தில் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். படகு சாய்ந்தது. பாய்க்கயிற்றைப் பிடித்திருந்த ஃபாரிட், சிம்பாங் பூலாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன், சறுக்கி விழுந்தான். முழங்காலில் ரத்தம்.

படகின் தலைவர் கத்தினார்: "எஸ்டேட்டு புள்ளைக்கு துடுப்பு போடுற சம்பான் போதும்லா! விட்டுட்டுப் போ!"

என் அம்மா எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவி என்னை வளர்த்தவர். சக்கரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"விட மாட்டேண்ணே. தப்பு என்னுது, நானே திருப்புறேன்."

"அக்காவே பிடிக்கட்டும்ணே," என்றான் ஃபாரிட், காலை அழுத்திப் பிடித்தபடி.

சக்கரத்தைச் சரியான பக்கம் மெல்லத் திருப்பினேன். சின்னப் படகு என்றால் உடனே திரும்பியிருக்கும். இது அசையவில்லை. இன்னும் திருப்பு என்று கை துடித்தது. அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். கன்னத்தில் அறைந்த காற்று மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. படகு நிமிர்ந்து, நான் நினைத்த திசையில் போனது. கரை சேரும்வரை நானே ஓட்டினேன்.

இறங்கியதும் ஃபாரிட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். தலைவரிடம் கேட்கவில்லை. தப்பாகத் திருப்பியது என் கை. அதற்கும் நான் பிறந்த எஸ்டேட்டுக்கும் சம்பந்தமில்லை. இந்த வருடமும் அந்தச் சக்கரத்தை நான்தான் பிடிக்கிறேன்.