எல்லாருக்கும் அத்தை

ஒரகடத்து லேடீஸ் ஹாஸ்டல் ஒன்றில் சின்னப்பொண்ணு கேட் செக்யூரிட்டி. வாலாஜாபாத் பக்கத்துக்காரி; நிலம் கைவிட்டுப் போனபின் காக்கிச் சட்டை மாட்டியவள். வாய் கொஞ்சம் நீளம். கம்பெனிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்களைத் திட்டிக்கொண்டேதான் கேட்டைத் திறப்பாள். சாப்பிடாமல் ஓடுகிறவள் கையில் தன் இட்லியையும் திணிப்பாள்.

வேலைக்குப் போவது தவிர, சொந்தக்காரர் வந்து கூப்பிட்டால்தான் பெண்களை வெளியே விடவேண்டும் என்பது ஹாஸ்டல் சட்டம். பாதுகாப்பாம்! அதில்தான் ஒரு பட்டுப்புடவைக்காரி புகுந்தாள். லீவு நாளில் பார்லர் வேலை தருகிறேன் என்று பெண்களுக்கு ஆசை காட்டி, கேட்டில் தன்னை அத்தை என்று சொல்லச் சொன்னாள். தென்காசி சந்திரலேகாவுக்கு அத்தை. அடுத்த வாரம் ராமநாதபுரம் செல்வலட்சுமிக்கும் அவளே அத்தை.

சின்னப்பொண்ணு நேரே மேனேஜர் கோதண்டராமனிடம் போனாள். "சார், அந்தம்மா எல்லாருக்கும் அத்தைன்னு வந்துகினு கீது. எனுக்கு சரியாப் படல."

"தொறன்னா தொற. மத்தது உனக்கெதுக்கு?"

அதன்பின் அத்தை வரும்போதெல்லாம் அவனே கேட்டுக்கு ஃபோன் போட்டுத் திறக்கச் சொன்னான். ஒரு ஞாயிறு அவளோடு போன சந்திரலேகாவும் செல்வலட்சுமியும் திரும்பவில்லை. பதறி வந்த பெற்றோரிடம், "எவனோடயோ ஓடிப்போச்சுங்க" என்றான் அந்தப் பாவி. உள்ளூர் ஸ்டேஷனிலும் அதே பேச்சு.

சந்திரலேகாவின் அப்பா சென்னைக்கு அலையாய் அலைந்து வழக்கை சிபிசிஐடிக்கு மாற்ற வைத்தார். ஒரு கெஸ்ட் ஹவுஸிலிருந்து பெண்களை மீட்டார்கள். அத்தையும் அவள் கூட்டமும் உள்ளே போனார்கள். அப்புறம்தான் விசாரணைக்கு ஹாஸ்டலுக்கு வந்தார் பெண் டிஎஸ்பி.

கோதண்டராமன் இளநீர் வெட்டி வைத்துக் குழைந்தான். "எல்லாம் கேட்ல நின்ன பொம்பளையோட அலட்சியம் மேடம். வேலைய வுட்டே தூக்கிட்டோம்."

வாசலில் காக்கிச் சட்டையோடு நின்ற சின்னப்பொண்ணு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நான் பூட்டிகினுதான் நின்னேன் மேடம். ஒவ்வொரு தபாவும் ஃபோன் போட்டுத் தொறக்க வெச்சது இவன். பெத்தவங்க மூஞ்சிக்கு நேரா, ஓடிப்போச்சுன்னு சொன்ன வாய் இது!"

"வேலை போன ஆத்திரத்துல உளறுது மேடம்," என்றான்.

"வேலை போனதே இப்பதான்டா எனுக்குத் தெரியும்!"

டிஎஸ்பி இளநீரைத் தள்ளி வைத்தார்.

"உங்க ஃபோனை மேஜை மேல வைங்க, கோதண்டராமன்."