கத்தத் தெரியாதவள்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். ஈரத் தரையிலும் அவள் காலடி கேட்காது. பின்னால் வந்து நின்றால் நின்றதே தெரியாது.

"உனக்கு ஒரு மணி கட்டிவிடணும்டி" என்பாள், கூட வேலை செய்யும் அக்கா. பூனை சிரித்துவைப்பாள்.

அந்த நடை வீட்டில் பழகியது. அப்பா தூங்கும்போது தட்டு விழுந்தால் பெல்ட் வரும். அழுதால் இன்னும் இரண்டு. அம்மா எழுந்து வந்து கதவைச் சாத்துவாள். அடியை நிறுத்த அல்ல, அக்கம்பக்கத்துக்குக் கேட்காமலிருக்க. ஏழு வயதுக்குள் அவள் சத்தத்தை விழுங்கக் கற்றுவிட்டாள்.

போன மாதம், ஆஸ்பத்திரித் துணிகளைத் தேய்க்கும் சூட்டு உருளையில் அவள் விரல்நுனிகள் சிக்கின. துணியை நுழைக்கிற ஆள் கத்தினால்தான் எதிர்ப்பக்கம் நிற்பவர் நிறுத்தும் பொத்தானை அழுத்துவார். அங்கே அதுதான் முறை. அவள் கத்தவில்லை. கையைத் தானே பிடுங்கிக்கொண்டாள். விரிப்பில் வந்த ரத்தக் கறையைப் பார்த்துத்தான் எதிரே நின்ற அக்காவுக்கே தெரிந்தது.

கட்டுப் பிரித்து வந்தவளிடம் மேற்பார்வையாளர் சொன்னார்: "வாயே தொறக்காத ஆள மெஷின்ல விட்டுட்டு நான் ஜெயிலுக்குப் போக முடியாதும்மா. ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் வேற இடம் பாத்துக்க."

வேலை போனால் அவளுக்குத் திரும்பிப் போக இருப்பது அப்பா இருக்கும் அந்த வீடுதான்.

மதிய இடைவேளைகளில் அக்கா அவளைத் துணிக்கிடங்குக்கு இழுத்துப் போனாள்.

"கத்து."

"என்னன்னுக்கா?"

"என்னையத் திட்டு. என் மாமியார் எதையும் மிச்சம் வைக்கல, நீ புதுசா ஏதாவது சொல்லு."

வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நான்கு நாளும் அதே காற்று. அக்காவுக்கே அலுத்துப்போனது.

ஐந்தாம் நாள், உருளைக்குள் போன ஓர் அங்கியின் நாடா அவள் மணிக்கட்டில் சுற்றி இழுத்தது.

"அக்கா! நிறுத்து!"

உருளை நின்றது. நாடா தானாகவே நழுவிவிட்டிருந்தது. கையில் கீறல்கூட இல்லை. நின்ற உருளையில் அங்கிதான் கருகியது.

ஓடிவந்த மேற்பார்வையாளர் புகையை விலக்கக் கையை உயர்த்தினார். அவள் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். பார்த்தவர் மெல்லக் கையை இறக்கி, இரண்டடி பின்னால் போனார்.

"வீணா கத்திட்டேன்க்கா. துணி போச்சு," என்றாள் குனிந்தபடியே.

"துணி கெடக்குது. எனக்குக் காது போச்சுடி."

யாரோ சிரித்தார்கள். "திங்கக்கிழமையும் நீ இதே மெஷின்தான்" என்று தள்ளி நின்றே சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் நகர்ந்தார்.

அவள் நிமிர வெகுநேரமாயிற்று. அன்று முழுவதும் தொண்டை எரிந்தது. சத்தம் கேட்டு அப்பா எந்த நேரமும் உள்ளே வந்துவிடுவார் என்பதுபோல், வாசலைப் பார்த்துப் பார்த்துத் துணியை நுழைத்துக்கொண்டிருந்தாள்.