ழ முன்னாலயா, ன முன்னாலயா?

புரோகிராம் எழுதுற பொழப்பு இருக்கே, யாரோ எப்பவோ எழுதி முடிச்சதையே திரும்ப எழுதி, தப்பா வந்தா நம்மளையே நாம திட்டிக்கிற பொழப்பு. இதுல மாட்டினவங்களுக்குத் தெரியும். மாட்டாதவங்க புண்ணியம் பண்ணவங்க. வரிசைப்படுத்துறது, திருப்பிப் போடுறதுன்னு காலேஜுல அல்காரிதம் சொல்லிக் குடுப்பாங்கல்ல, அதையெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்டுல கையால எழுதித்தான் நான் வேலையில ஒட்டினேன். தல்லாகுளத்துல ஒரு பிளக்ஸ் கடை மாடி. பேனர் ஆர்டரை வெப்சைட்டுல வாங்கணும்னு ஓனர் சிக்கந்தர் பாய்க்கு ஆசை.

என் பேரு கவுந்த கதை

பேரையூர்ல இருந்து இன்டர்வியூவுக்கு வந்தேன். அடுத்தவங்க காட்டுல களை எடுத்துத்தான் எங்க அப்பாவும் அம்மாவும் என்னை பி.சி.ஏ. படிக்க வச்சாங்க. தோத்துட்டுத் திரும்புற யோசனையே இல்ல. கடையில ஏற்கெனவே புரோகிராம் எழுதிக்கிட்டிருந்த செந்தில் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டாரு: ஒரு சொல்லைத் திருப்பிப் போடணும். அரதப் பழசு! அஞ்சு நிமிஷத்துல எழுதி, கெத்தா என் பேரையே தமிழ்ல அடிச்சேன், முத்துமாரின்னு. ‘ராமுத்தும’ன்னு வந்துச்சு. ‘ரி’யோட கொக்கி மட்டும் கழண்டு முன்னால அனாதையா நின்னுச்சு.

இங்கிலீஷ்ல அடிச்சிருந்தா தப்பிச்சிருப்பேன். கம்ப்யூட்டருக்கு ‘ரி’ ஒரு எழுத்து இல்ல. ர தனி, கொக்கி தனி. எழுத்தோட அதுக்கான கொக்கி, கால், புள்ளி எல்லாத்தையும் சேத்துக் கட்டி, கட்டுக் கட்டாத் திருப்புற மாதிரி மாத்தினேன். ரிமாதுத்மு! பாய் எட்டிப் பாத்துச் சிரிச்சாரு. “மாஷா அல்லா, கவுந்தாலும் கொக்கிய விடலையே! மூணு மாசம் பாப்போம் தாயி, அப்புறம் வேலைய நிரந்தரமாக்குறதப் பேசலாம்.”

பத்துக்கு அப்புறம் ரெண்டு

பேனர் வாங்க வர்றவங்களுக்கு டோக்கன் உண்டு. அந்த நம்பரை டிவியில வரிசையாக் காட்டுறதுதான் எனக்குக் குடுத்த முதல் வேலை. வரிசைப்படுத்த ஜாவாஸ்கிரிப்ட்டுல தயாரா ஒரு கட்டளை இருக்கு. நம்பிப் போட்டேன். 1, 10, 11, 12, அப்புறம் 2. சும்மா விட்டா அது நம்பரையும் எழுத்தாத்தான் பாக்கும். உங்களுக்கும் நடந்திருக்கும், வெக்கப்படாமச் சொல்லுங்க.

“ஒத்த வரியில சரி பண்ணிரலாம்”னாரு செந்தில் அண்ணன். எனக்கு ரோஷம் வந்துருச்சு. பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு நம்பரைப் பாரு, பெருசு முன்னால நின்னா இடத்தை மாத்து, எல்லாம் ஒழுங்காகுற வரைக்கும் திரும்பத் திரும்பப் பண்ணு. அந்தப் பழைய பபிள் சார்ட்டை நாப்பது வரியில நானே எழுதிப் போட்டேன். டிவி திருந்துச்சு. அதுவரைக்கும் ரெண்டாம் நம்பரை வச்சுக்கிட்டுக் காத்துக் கிடந்தவரு எந்திரிச்சு வந்து சொன்னாரு: “ஏம்மா, நான் மூணாப்போட நின்னவன். எனக்கே பத்துக்கு முன்னாடி ரெண்டுன்னு தெரியும்.”

மாமன்மார் பேனர்

மூணு மாசம் முடிய பத்து நாள் இருக்கு. வண்டியூர்ல இருந்து பஞ்சவர்ணம் அக்கா வந்தாங்க. மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் ரெண்டு பேரு: மூத்தவரு அழகர்சாமி, இளையவரு அன்பரசன். ஆறு வருஷமா ரெண்டு பேருக்குள்ளயும் பேச்சுவார்த்தை இல்ல. பேனர்ல யாரு பேரு முதல்லன்னு புதுசா ஒரு சண்டை. கடைசியில, “அகரவரிசைப்படி போடு, கம்ப்யூட்டர் சொன்னா சரி”ன்னு ரெண்டு பேருமே அக்காகிட்டத் தனித்தனியா ஒத்துக்கிட்டாங்க.

கம்ப்யூட்டர் அன்பரசனை முதல்ல போட்டுச்சு. நானும் மாதிரியை அக்கா போனுக்கு அனுப்பிட்டேன். மறுநாள் காலையில கடை வாசல்ல அழகர்சாமி. “நான் இல்லாமலே காது குத்திக்கங்க”ன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிட்டு நேரா வந்திருக்காரு. அக்கா பின்னாலயே அழுதுக்கிட்டு ஓடி வந்தாங்க. “இந்தப் பேனர் கெட்டா கடைப் பேரும் கெட்டுச்சு, நீயும் பேரையூர் பஸ் ஏற வேண்டியதுதான்”னு பாய் என் காதுல சொன்னாரு. அழகர்சாமி மேசையில தட்டி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: “ன-ங்குறது கடைசி எழுத்து தாயி. எம் பேருல இருக்கிற ழ அதுக்கு எப்படிப் பின்னால போச்சு?”

விரல் விட்டு எண்ணினவரு

அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற எழுத்துப் பட்டியல்ல ன-வைக் கொண்டுபோய் ந-வுக்குப் பக்கத்துல உக்கார வச்சிருக்காங்க. நம்ம வரிசை அதுக்குத் தெரியல. நான் என் பழைய நாப்பது வரியை எடுத்தேன். ஒண்ணாப்புல பாடம் பண்ணின மாதிரியே க, ங, ச, ஞ-ன்னு பதினெட்டு எழுத்தையும் அடிச்சு, “எது பெருசுன்னு இதைப் பாத்துச் சொல்லு”ன்னு உள்ள சொருகினேன். ஓட்டினேன். அழகர்சாமி, அன்பரசன். நான் எழுதினது! கத்தணும் போல இருந்துச்சு.

சாயந்திரம் அன்பரசன் வந்தாரு. “நேத்து நான் முதல்ல, இன்னைக்கு ரெண்டாவதா? எங்கண்ணன் உங்களை என்ன மிரட்டினாரு?” “அண்ணே, மெய்யெழுத்தை நீங்களே வரிசையாச் சொல்லுங்க”ன்னேன். மனுஷன் விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாரு. ய, ர, ல, வ, ழ... அங்க விரலை மடக்கிப் புடிச்சுக்கிட்டாரு. ள, ற, ன. ரெண்டாவது சுத்து விரல் முடியுறதுக்குள்ள எழுத்து தீந்துச்சு. தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னாரு: “சரிம்மா, பேரு கீழயே இருக்கட்டும். எம் போட்டோவைக் கொஞ்சம் பெருசாப் போடு.”

ரெண்டு காது

விழாவுக்கு அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. மண்டப வாசல்ல என் பேனர்! ரெண்டு மாமனும் வந்துட்டாங்க, ஆளுக்கொரு மூலையில. யாரு மடியில வச்சுக் காது குத்துறதுன்னு முணுமுணுப்பு ஆரம்பிச்சதுமே அக்கா கணீர்னு சொன்னாங்க, “அகரவரிசை!” முதல் காது அழகர்சாமி மடியில, அடுத்த காது அன்பரசன் மடியில.

ரெண்டாவது காதுக்கு ஊசியப் பாத்ததுமே பாப்பா திமிறுது. அன்பரசனால ஒத்தையாப் புடிக்க முடியல. ஆறு வருஷம் கழிச்சு அவரு அண்ணன்கிட்டப் பேசின முதல் பேச்சை நான் பக்கத்துல நின்னு கேட்டேன். “அண்ணே... தலைய ஆடாமப் புடிண்ணே.”

அன்னைக்குச் சாப்பாட்டுக்கு அக்கா என்னை முதல் பந்தியிலயே உக்கார வச்சாங்க. திங்கக்கிழமை பாய் வேலைய நிரந்தரமாக்கி, என் பேரையும் கடை வெப்சைட்டுல சேக்கச் சொன்னாரு. சிக்கந்தர், செந்தில், முத்துமாரி. நான் எழுதின வரிசையில நான்தான் கடைசி. இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் போட்டோ புடிச்சு அப்பாவுக்கு அனுப்பினேன். தமிழ் வரிசை தெரிஞ்ச தயார் கட்டளை ஒண்ணு ஜாவாஸ்கிரிப்ட்டுலயே இருக்குன்னு அதுக்கு அடுத்த மாசந்தான் எனக்குத் தெரிஞ்சது. ஒத்த வரியில முடியிற வேலைக்கு நாப்பது வரி எழுதினவதான் நான், ஆனா ஒத்த வரிக்காரங்க யாரையும் எந்தக் காதணி விழாவுலயும் முதல் பந்தியில உக்கார வச்சதா நான் கேள்விப்படல.