மழை வந்தால் போகும் வேலை

நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில், லின்ஃபீல்டில் எங்கள் வீதியில் வசிக்கும் கண்ணியமான மனிதர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். குற்றம், ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டது. அணைகள் வற்றிப்போனதால் தோட்டக் குழாய்களுக்குத் தடை. முன்வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித் தொலைபேசியில் முறைப்பாடு செய்வார். அன்று மாலையே இருவரும் வேலிக்கு மேலால் கையசைத்து ‘லவ்லி டே’ என்று சொல்லிக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்தில் இப்படியொன்று நடந்திருந்தால் இரண்டு வீட்டுக் கல்யாணங்களும் செத்தவீடுகளும் தனித்தனியாகவே நடந்திருக்கும். இந்த முறைப்பாடுகளை விசாரிக்க, கழுத்தில் அடையாள அட்டையோடு கதவைத் தட்டுகிற ஆள் நான்தான்.

இங்கே வருவதற்கு முன் நான் தன்சானியாவில், ஒரு பல்கலைக்கழகத்தின் நீர்வளக் கல்வி ஆய்வு நிறுவகத்தில் விரிவுரையாளராக இருந்தேன். என் பாடம் வெள்ளக் கணிப்பு. எவ்வளவு மழை பெய்தால் ஆறு எவ்வளவு ஏறும், எந்தப் பாலம் போகும் என்பதைக் கற்பித்தேன். ஒப்பந்தம் முடிந்தபோது யாழ்ப்பாணம் திரும்பக்கூடிய நிலையில் இருக்கவில்லை. ஓக்லாந்துக்கு வந்தோம். வெள்ளம் தெரிந்தவனுக்கு இங்கே வேலை இருந்தது. ஆனால் ‘நியூசிலாந்து எக்ஸ்பீரியன்ஸ்’ இல்லாதவனுக்கு இல்லை. ஆகவே மனுரேவாவில் ஒரு களஞ்சியத்தில் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கினேன். எல்லாப் பெட்டிகளிலும் திகதி வெளியே தெரியும்படி அடுக்குவேன். அதனால் மேற்பார்வையாளருக்கு என்மேல் மதிப்பும், கூட வேலை செய்தவர்களுக்கு என்மேல் எரிச்சலும் உண்டாயின.

வறட்சி வந்ததும் நீர் விநியோக அலுவலகம் ‘நீர்ச் சேமிப்பு ஆலோசகர்’களைத் தேடியது. நேர்முகத்தில் அலன் என்ற பொறியியலாளர் என் விண்ணப்பத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“ஆப்பிரிக்கா! அப்படியென்றால் தண்ணீர் இல்லாமல் சமாளிப்பது உங்களுக்குக் கைவந்த கலை.”

“என்னுடைய துறை வெள்ளம்” என்றேன்.

“அருமை, அருமை” என்று அவர் எதையோ எழுதிக்கொண்டார். எங்கள் நிறுவகத்துக்குக் கீழே ஒரு பெரிய ஆறு ஓடியதையும், ஆற்றின் உயரம் அளக்க நட்ட கம்பத்தில் நீர்யானை முதுகு சொறிந்து அதை அடிக்கடி சாய்த்துவிட்டதையும் சொன்னேன். அதன்பிறகு நேர்முகம் முழுவதும் நீர்யானையைப் பற்றியே நடந்தது. எழும்பும்போது அலன் “நாட் பேட்” என்றார்.

“என்னப்பா, சரிவந்ததோ?” என்று மனைவி சுகந்தி வாசலிலேயே கேட்டாள்.

“மோசமில்லை எண்டு சொன்னார். சரிவராது.”

“மோசமில்லையெண்டா நல்லம்தானே?”

“நான் ஒரு பெடியனுக்கு மோசமில்லை எண்டு சொன்னா அவன் திரும்பச் சோதினை எழுத வேணும்.”

மறுநாளே வேலை கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: அணைகள் நிறையும்வரைதான் சம்பளம். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் அது நியூசிலாந்து எக்ஸ்பீரியன்ஸ் ஆகிவிடும். வெள்ளப் பிரிவில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார் அலன். அதற்குமுன் மழை வந்தால் மறுபடியும் பிஸ்கட். வாழ்நாள் முழுவதும் மழையைப் படித்தவனுக்கு மழை பெய்யக்கூடாது என்ற நிலை வந்தது. சுகந்தி காலையில் எழுந்ததும் திரைச்சீலையை விலக்கி வானத்தைப் பார்ப்பாள். நீலமாக இருந்தால் அன்று தோசைக்கு இரண்டு சட்னி.

தன்சானியா நிறுவகத்தில் புதிய மாணவர்களுக்கு முதல்நாள் விரிவுரை கிடையாது. பல நாட்டு அமைச்சுகளிலிருந்து கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்த அதிகாரிகள்கூட, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கலன் நிறைய ஆற்றுத் தண்ணீரைக் குன்றின்மேல் இருந்த விடுதிக்குச் சுமந்து வரவேண்டும். அன்று குளிப்பும் துவைப்பும் அந்தத் தண்ணீரில்தான். தண்ணீரைக் கணக்கிடப் போகிறவர்கள் முதலில் அதன் பாரத்தை அறியட்டும் என்பது பணிப்பாளரின் கொள்கை. வழியில் தலையில் குடத்தோடு போகிற ஊர்ப் பெண்கள் ‘போலே’ என்பார்கள். உங்கள் சிரமம் தெரிகிறது என்பது அதன் பொருள். சொல்லிவிட்டு அதிகாரிகளை முந்திக்கொண்டு சிரித்தபடி ஏறிப்போவார்கள்.

இந்தப் பயிற்சியையே நான் லின்ஃபீல்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீதி மூலையில் இருந்த ஜோய்ஸ் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய ரோஜாக்களுக்கு எதிராக வந்த முறைப்பாடுகளை அடுக்க எனக்குத் தனிக் கோப்பு தேவைப்பட்டது. ஷவரில் சுடுதண்ணீர் வரும்வரை ஓடுகிற தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம் என்றேன்.

“வாளியோடு குளிப்பதா? இது ஆப்பிரிக்க முறையோ?”

“இல்லை, யாழ்ப்பாண முறை.”

ஜோய்ஸ் வாளியைத் தூக்கிப் படியிறங்கிப் பாதிவழியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “போலே” என்றேன், பழக்கத்தில். பொருளைக் கேட்டறிந்ததும், “அது சரி, ஆனால் மீதி வாளியை யார் தூக்குவது?” என்றார். நான்தான் தூக்கினேன். அதற்குப்பிறகு வாரத்தில் இரண்டு நாள் தூக்கினேன். ரோஜா பிழைத்தது, முறைப்பாடும் நின்றது.

அப்போதுதான் நீமாவின் தொலைபேசி வந்தது. நீமா என் பழைய மாணவி. இப்போது அதே நிறுவகத்தில் என் பாடத்தைக் கற்பிக்கிறாள். “முவாலிமு” என்று அழைத்தாள். ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அந்த வருடம் அவர்களுக்குப் பெருமழை வரவில்லை. ஆறு மெலிந்து, நீர்யானைகள் வேறிடம் போய்விட்டன. “வெள்ளக் கணிப்பை வெறும் மணலைக் காட்டி எப்படிக் கற்பிப்பது? உங்கள் ஊரில் எப்போதும் மழைதானே, கொஞ்சம் அனுப்பிவிடுங்கள்” என்று சிரித்தாள். இங்கேயும் இல்லை என்றதும், “போலே, முவாலிமு” என்றாள். மழை இல்லாததால்தான் என் வீட்டில் அடுப்பெரிகிறது என்பதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு எங்கள் தமிழர் சங்கம் வாடகை மண்டபமொன்றில் மழை வேண்டிக் கூட்டுப் பிரார்த்தனை வைத்தது. தலைவர் சிவபாதம் அண்ணை என்னைத்தான் தேங்காய் உடைக்கச் சொன்னார். “நீர்தானே ஐசே எங்கட ஆக்களுக்குள்ள தண்ணியைப் படிச்ச ஒரே ஆள்.”

எங்கள் கதை தெரிந்தவன் ரகு. சென்னைக்காரன், கம்ப்யூட்டர் வேலை, எங்கள் அடுத்த வீடு. என் காதில், “சார், நீங்க உடைச்சா மழை வராது சார். வாய் ஒண்ணு சொல்லும், மனசு வேற சொல்லும்” என்றான்.

மறுகாதில் சுகந்தி: “கர்ப்பூரத்தைக் காட்டுங்கோ. ஆனா மனசுக்குள்ள ஒண்டும் கேளாதேங்கோ.”

கேட்காமல் சாமிமுன் நிற்க எனக்குத் தெரியாது. கேட்டால் வேலை போகும். நீமாவின் ஆறு நினைவுக்கு வந்தது. கண்ணை மூடி, மழை வேண்டும் என்றே கேட்டேன்; ஆனால் எங்கே என்பதில் தெளிவாக இருந்தேன். கண்டம், நாடு, மாகாணம், ஆற்றின் பெயர், ஆற்றின் எந்தக் கரையில் நிறுவகம் என்பதுவரை சொன்னேன். ஓக்லாந்து என்ற பெயரையே எடுக்கவில்லை. தேங்காய் சரிபாதியாக உடைந்தது.

காரில் என் மகள் வாணி, “வாட் டிட் யூ ஆஸ்க் ஃபோர், அப்பா?” என்றாள். சொன்னேன்.

“தட்ஸ் சீட்டிங்!”

“இல்லை பிள்ளை, அதுவும் மழைதான்.”

செவ்வாய்க்கிழமை மழை தொடங்கியது. ஓக்லாந்தின் வழக்கமான தூறல் அல்ல. கூரையில் கல் கொட்டினாற்போல. அந்த வாரம் முழுவதும் விடவில்லை. ஜோய்ஸ் குடையில்லாமல் வீதிக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!” என்றார். ஓம் என்றேன். அவருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் என் தலையாட்டல் புரிந்தது. அலன் வெள்ளிக்கிழமை தொலைபேசியில் பேசினார். நான் நன்றாக வேலை செய்ததாகவும், ஆனால் அணைகள் ஏறுகின்றன என்றும் சொன்னார். எப்படிக் கூட்டிப் பார்த்தும் ஆறு மாதம் ஆகவில்லை; மறுபடியும் பிஸ்கட்தான்.

சுகந்தி தொலைபேசியை வாங்கி வைத்தாள்.

“விலாசம் சரியாச் சொன்னனீங்களோ?”

“நாடு, மாகாணம், ஆறு, கரை எல்லாம் சொன்னனான்.”

“அப்ப அங்க கதவு பூட்டியிருந்திருக்கும். அனுப்பின ஆளின்ர விலாசத்துக்கே சாமி திருப்பி அனுப்பிப்போட்டார்” என்றாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தோம்.

மழை சற்றுத் தணிந்ததும் வெளியே போனேன். வீதியோரக் கானில் தண்ணீர் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இலையைப் பிடுங்கி அதில் போட்டேன். இலை போகும் வேகத்தை வைத்து நீரோட்டத்தைக் கணிக்கலாம். வாணி தன் கடிகாரத்தைப் பார்த்தபடி இலையோடு ஓடி, வினாடிகளை ஆங்கிலத்தில் கத்தினாள். நான் தமிழில் பெருக்கினேன்.

“சோ ஹவ் மச், அப்பா?”

சொன்னேன். அவள் அதை எங்கள் வீதிக்கான கணக்கு என்றே நினைத்திருப்பாள். ஆனால் நான் சொன்னது, இதே மழை அங்கே பெய்திருந்தால் நீமாவின் ஆறு எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை.