தேயிலைத்தூளுக்குள் காந்தம்

தோழர்களே, கூட்டத்தில் பேசினால் கைதட்டுவார்கள். குழந்தைகளுக்குக் காந்தம் காட்டினால் கேள்வி கேட்பார்கள். சங்க வேலையிலிருந்து ஒதுங்கியபின், தேவாலா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில் இந்த வேலைதான் எனக்கு. இடம், எஸ்டேட்டின் பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் பகலில் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை. வம்பு வந்தால் சாவியைத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லித்தான் மேனேஜர் கொடுத்தார். அது போனால், இந்த மழையில் எங்களுக்கு வேறு கூரை கிடையாது.

ஒரே முனை

என் பழைய ஒலிபெருக்கிகள் இரண்டை உடைத்துக் காந்தம் எடுத்தேன். ஒரே முனைகளை நெருக்கினால் ஒன்றையொன்று தள்ளும் என்று காட்டினேன். எட்டு வயது செல்வி உற்றுப் பார்த்தாள். எங்கள் சங்கத்தை உடைத்துக்கொண்டு போனவரின் மகள்.

"நீங்களும் எங்கப்பாவும் ஒரே கொடிதானே தாத்தா, அதான் பேசிக்கிறதில்லையா?"

கறுப்புத் தாடி

காந்தம் எதை இழுக்கிறதென்று பார்க்க, வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவரச் சொன்னேன். அரிசி, உப்பு, சீப்பு, எதுவும் அசையவில்லை. செல்வி, எஸ்டேட்டில் கொடுத்த தேயிலைத்தூளைக் கொட்டி, காகிதம் சுற்றிய காந்தத்தால் கிளறினாள். காகிதத்தில் கறுப்பாய்த் தாடி முளைத்தது. இலை நொறுக்கும் உருளைகள் தேய்ந்து உதிர்ந்த இரும்பு.

பிள்ளைகள் உடனே அதைக் காட்ட ஆபீசுக்குக் கிளம்பினார்கள். அந்த ஆபீஸ் வாசலில் வருடக்கணக்காகக் கோஷம் போட்டவன், சாவியை நினைத்து அன்று காம்பராக் கதவை மறித்து நின்றேன். செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"போலீசுக்கே பயப்படலன்னு சொன்னீங்களே தாத்தா?"

ஆபீஸ் அறை

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஐந்து கோரிக்கைகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மேஜைமேல் அந்தத் தூளும் காகிதமும் இருந்தன. செல்வியின் அம்மா கொண்டுவந்து வைத்துவிட்டாராம். மேனேஜர் கேட்கும் முன்பே சாவியை எடுத்து வைத்தேன். "உட்காருங்க" என்றார். அந்த அறையில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. வீம்புக்கு நின்றேன்.

பாக்கெட் போடும் முன் இரும்பைப் பிடிக்க ஃபேக்டரியிலேயே ஒரு காந்தம் உண்டாம். துடைக்காமல் விட்டதால் அது நிறைந்து, மிச்சம் தூளோடு போயிருக்கிறது. பக்கத்தில், ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் தலைகுனிந்து நின்றார். மேனேஜர் சாவியை என் பக்கம் தள்ளினார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டுங்க, வாரம் ஒருக்கா அந்தப் புள்ளைகளக் கூட்டிட்டு வாங்க, இவரு காந்தத்தத் தொடைக்கிறாரான்னு பாக்கோணும்."

எதிராளி முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொண்டால் மிச்சமாகும் ஐந்து கோரிக்கைகளை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் போடவில்லை, தோழர்களே.