பங்குனியில் போட்ட ஃபிக்ஸ்

கீழ்க்கட்டளையில் நாங்கள் குடியிருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள போர்ஷன். பங்குனி பிறந்தால் போதும், கூரை காய்ந்து, சுவர் காய்ந்து, தலையணைகூடச் சுடும். ஏசி இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? படுக்கும்போது போட்டுவிட்டு, கண் அசந்ததும் நின்றுவிடும்படி டைமர் வைத்துவிடுவேன். அது நின்ற மறுநிமிஷம் மனைவி விழித்துக்கொள்வாள். ரிமோட்டை நான் என் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பேன், அவள் தேடி எடுப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி கரண்ட் பில்லைப் பற்றியதுதான்.

வீட்டுக்காரம்மா இந்த ஊரின் பழைய குடும்பம். மாமனார் காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது வாடகை வீடுகள் கட்டி விட்டிருக்கிறார். எங்கள் வளாகத்தில் முன்பக்கம் அவர் வீடு, அதற்குத் தனி மீட்டர். வாடகைக்கு இரண்டு போர்ஷன். மாடியில் நாங்கள். கீழே பின்பக்கம் மீன் விற்கும் அக்கா.

அக்கா கோவளம் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர். விடியும் முன்னே போய் மீன் எடுத்து வந்து பஸ் ஸ்டாண்டு அருகே உட்கார்ந்து விற்பார். அவர் வீட்டுக்குள் பாதி இடத்தை ஒரு டீப் ஃப்ரீசர் அடைத்துக்கொண்டிருந்தது. பம்மலில் மூடிவிட்ட ஒரு ஐஸ்கிரீம் கடையில் மகளிர் குழு லோன் போட்டு வாங்கியது. விற்காத மீனை அதில் போட்டு வைத்து மறுநாள் நல்ல விலைக்குக் கொடுக்கலாம். அந்தப் பெட்டி வந்த பிறகுதான் தனக்கு மூச்சு விட முடிந்தது என்று அக்காவே பல தடவை சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் சாயங்காலம் ஆனால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு எழுந்திருக்க வேண்டும். பெட்டி ஓடினால்தான் அவருக்கு வியாபாரம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

எங்கள் இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். உள்ளே ஆளுக்கொரு சப் மீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வந்ததும் வீட்டுக்காரம்மா கணக்குப் போட்டு, இந்தத் தடவை யூனிட் இவ்வளவு என்று சொல்வார். மொத்தம் கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறும். யார் ஏற்றினார்கள் என்று ஒவ்வொரு தடவையும் மாடிக்கும் கீழுக்கும் ஒரு முணுமுணுப்பு. அரசாங்கம் தருகிற இலவச யூனிட் எங்கே போகிறது என்று கேட்க எங்கள் இருவருக்குமே தைரியம் வந்ததில்லை. வாடகை வீட்டில் அதையெல்லாம் கேட்டுவிட்டு அப்புறம் குடியிருக்க முடியுமா?

இந்த வருஷம் பங்குனியில் அந்தம்மா ஒரு புது யோசனை சொன்னார். ஒவ்வொரு தடவையும் ரீடிங் பார்த்துப் பார்த்து மண்டை காய்கிறது, வேண்டுமென்றவர்கள் ஃபிக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்றார். அதாவது மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. கூட எரித்தாலும் அதேதான், குறைய எரித்தாலும் அதேதான், ஒரு வருஷத்துக்கு மாற்றமில்லை. ஆனால் பங்குனி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். சித்திரை பிறந்துவிட்டால் கிடையாது.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். கணக்கு என்று வந்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். பழைய பில்களை எல்லாம் எடுத்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபிக்ஸ் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் நஷ்டம். வெயில் காலத்தில் அதற்கு மேல் லாபம். அதுவும் டைமர் வைத்து ஓட்டிய கணக்கு. டைமரையே தூக்கிப் போட்டால்? நினைக்கும்போதே எனக்குக் குளிர்ந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல், அக்காவின் பெட்டி. அக்காவும் ஃபிக்ஸ் கேட்டால் வீட்டுக்காரம்மாவுக்கு உடனே அந்த ஃப்ரீசர் ஞாபகம் வரும். இராப் பகலாக ஓடுகிற சாமானுக்கு ஃபிக்ஸா என்று பயந்துபோய், யாருக்கும் கிடையாது என்று யோசனையையே சுருட்டி வைத்துவிடுவார். அப்படித்தான் நான் நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

இரண்டு நாள் கழித்து மாடிப்படிக்குக் கீழே வண்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சார், அந்தம்மா ஃபிக்ஸுன்னு இன்னாவோ சொல்லுது. போட்டுக்கலாமா, வோணாமா? நீ கணக்கு தெரிஞ்ச ஆளு, கொஞ்சம் பாத்து சொல்லு."

எனக்கு யோசிக்க அவகாசமே தேவைப்படவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. திணறியிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

"அவசரப்படாதீங்கக்கா. வெயில் கால பில் ஒண்ணு வரட்டும். பாத்துட்டு நானே சொல்றேன்."

வெயில் கால பில் வரும்போது சித்திரை தாண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அக்கா, நீ சொன்னா சரி சார் என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே நான் வீட்டுக்காரம்மாவிடம் போய் எங்களுக்கு ஃபிக்ஸ் என்று சொல்லி, முதல் மாதத் தொகையையும் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவியிடம் ஃபிக்ஸ் போட்டதைச் சொன்னேன். அக்கா கேட்டதைச் சொல்லவில்லை.

சித்திரையும் வைகாசியும் எங்கள் வீட்டில் மார்கழிதான். ரிமோட் டிவி மேல் சும்மா கிடந்தது, சண்டை போட ஆளில்லை. பகலிலும் ஏசி. அக்னி நட்சத்திரத்தில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியவன் நான். தாம்பரத்திலிருக்கும் மைத்துனி வீட்டுத் துணிமணிகள்கூட வாரா வாரம் மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வந்தன, இஸ்திரி போட. அவர்களுக்கு மாவும் இங்கேதான் ஆட்டினோம். எவ்வளவு ஓடினாலும் அதே காசுதானே என்று நானே கூப்பிட்டு வரச் சொன்னேன்.

பில் வந்தது. வீட்டுக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களிடம் வாய் விட்டுக் கேட்க முடியாது, வார்த்தை கொடுத்துவிட்டார். கைக்காசு போடவும் அவருக்கு மனசில்லை. எங்களிடம் விட்டதைக் கீழே பிடித்தார். அக்காவுக்கு யூனிட் விலையை ஏற்றிவிட்டார். மொத்தமே எகிறியிருக்கிறது, நான் என்ன செய்ய என்று அவரிடம் சொல்லிவிட்டாராம்.

அக்கா என்னிடம் வந்து, உனக்கும் இப்படித்தான் வந்துகீதா சார் என்று கேட்டார். வெயில் காலம் இல்லையாக்கா என்று இழுத்தேன். ஃபிக்ஸு இப்பக் கேட்டா குடுக்குமா என்று கேட்டார். அது முடிந்துவிட்டது போலிருக்கிறது என்றேன். சரி, யார் கண்டா இவ்வளவு வெயில் அடிக்கும்னு என்று எனக்கே சமாதானம் சொல்லிவிட்டுப் போனார். நான் மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஏசியைப் போட்டேன். போட்டேன், ஆமாம். நிறுத்தியிருந்தால் மனைவி ஏன் என்று கேட்டிருப்பாள்.

அந்த வாரமே அக்கா பெட்டியை நிறுத்திவிட்டார். ஐஸ் வாங்கி எத்தனை நேரம் சமாளிக்க முடியும்? ஐந்து மணியானால் மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போக ஆரம்பித்தார். வந்த விலைக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தார். மனைவிக்கு ஒரே குஷி. வஞ்சிரம் இந்த விலைக்கு எங்கே கிடைக்கும் என்று, அதிலும் பேரம் பேசி வாங்கினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவளுக்கு எதுவும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டாவது துண்டும் வாங்கித் தின்றேன்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன். வாசலில் அக்காவின் குரல் கேட்டது. மனைவி பாத்திரத்தோடு போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வியர்த்து வடிந்துகொண்டிருந்த அக்கா, உள்ளேயிருந்து வந்த குளிர்ச்சியில் ஒரு நிமிஷம் கண்ணை மூடினாராம். பில்லு வரலியா உங்களுக்கு, இப்படிப் போட்டுக்கினு கீறீங்களே என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எங்களுக்கு ஃபிக்ஸ்தானேக்கா. எவ்வளவு ஓடினாலும் அதே காசு. இவர் பங்குனியிலேயே கணக்குப் பாத்து மாத்திட்டார்."

பெருமையாகத்தான் சொன்னாள். எழுந்து போய்த் தடுக்கலாம் என்றால் எதைத் தடுப்பது? சொல்லியாகிவிட்டது. பங்குனியிலேயேவா என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது. பங்குனியிலேயேதான் என்றாள் இவள். அப்புறம் தராசுத் தட்டின் சத்தம் கேட்டது. சங்கரா மீனை எடை போட்டு, வழக்கம்போல் கொசுறாக ஒன்றையும் பாத்திரத்தில் போட்டுவிட்டு அக்கா கூடையைத் தூக்கினார்.

"கதவ சாத்திக்கோமா. கூலிங் வெளிய போவுது."

குத்திக்காட்டிச் சொன்ன மாதிரி இல்லை. அப்படியே சும்மா சொன்னார். நான் போர்வைக்குள் கிடந்தேன். வெளியே வர எனக்கு முகமில்லை.

மனைவி மீனோடு உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்ததும் என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். என் வாயால அதை அவங்ககிட்ட சொல்ல வெச்சுட்டீங்களே என்றாள். அன்று ஏசியை அவளே நிறுத்தினாள். நான் வேர்த்து நனைந்து கிடந்தேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, அக்கா வியாபாரம் முடிந்து வரும்வரை காத்திருந்து கீழே போனேன். போகும்போதே ஒரு பரிகாரம் யோசித்து வைத்திருந்தேன். கணக்குக்காரன் புத்தி, அதிலும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது.

அக்கா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஃப்ரீசரின் மூடி திறந்திருந்தது. உள்ளே மடித்த துணிகளும் ஒரு அரிசிச் சிப்பமும் இருந்தன. நான் நின்றுகொண்டே சொன்னேன். நீங்கள் கேட்ட அன்றைக்கே நான் போட்டுவிட்டேன், உங்களை வேண்டுமென்றேதான் நிறுத்தி வைத்தேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்கா நிமிராமலே கேட்டுக்கொண்டார். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"உனுக்கு சொல்ல இஷ்டம் இல்லன்னா, தெரியாதுன்னு சொல்லிக்கலாமே சார். தெரியாதுன்னு சொல்லியிருந்தா நா வேற யாரையாச்சும் கேட்டிருப்பேன்ல? உன்ன நம்பி வாய மூடிக்கினு இருந்துட்டேன் பாரு, அதான் எனுக்கு பேஜாரா கீது."

நான் கொண்டு வந்த யோசனையைச் சொன்னேன். பெட்டியை எங்கள் ஹாலில் கொண்டுவந்து வைத்துவிடலாம். எங்களுக்கு ஃபிக்ஸ்தானே, ஒரு பைசா அதிகமாகாது. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுக்கலாம், நாற்றம் அடித்தாலும் பரவாயில்லை, வருஷம் முழுக்க இருக்கட்டும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே மனசு லேசானது. எவ்வளவு நல்லவன் நான் என்றுகூட ஒரு கணம் தோன்றியிருக்கும்.

அக்கா என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். அப்போ அந்த ஓனரம்மா கைக்காசு போட்டுக் கட்டணுமா என்று கேட்டார்.

"அவங்களுக்கு என்னக்கா, நாலு வீட்டு வாடகை வருது. தாங்குவாங்க."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். துணிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, ஃப்ரீசரின் மூடியை இறக்கி மூடினார்.

"என்னப் பத்தியும் இப்பிடித்தான் நெனச்சிருப்ப, இல்ல சார்? அவளுக்கு இன்னா, மீன் விக்குறா, தாங்குவான்னு."

வேண்டாம் என்பதை அவர் அதற்கு மேல் விளக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். பங்குனியில் அன்று நான் நினைத்ததெல்லாம் அந்தப் பெட்டியை மட்டும்தான். அவர் தாங்குவாரா மாட்டாரா என்று நினைக்கிற அளவுக்குக்கூட அவரைப் பற்றி நினைக்கவே இல்லை. அதை அவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? உண்மையைவிட அவர் நினைத்திருந்ததே எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்தது. ஆமாக்கா, அப்படித்தான் நினைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்தேன்.