எங்கள் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு உயரம்

போன வாரம் ஜன்னல் கதவைச் சரிசெய்ய ஒரு ஆசாரி வந்தார். வேலை முடிந்ததும் போகவேண்டியவர், எங்கள் சாப்பாட்டு அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாம்மா இது, ஒரு டேபிள் ஏறிக்கினு நிக்குது, ஒண்ணு எறங்கிக்கினு நிக்குது? உசந்ததோட காலை அறுத்து ரெண்டையும் ஒரே மட்டமா பண்ணித் தரேன்.”

பதறிப்போய் அவரையும் ரம்பத்தையும் தெருவரை வழியனுப்பிவிட்டு வந்தேன். சித்தூரில் இதுவரை எனக்கிருந்த நல்ல பெயர் அவரோடு போயிருக்கும். போகட்டும். நீங்களும் அவரைப் போல நினைத்துவிடக் கூடாதே... அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். சைக்கிளிலிருந்து விழுந்ததில் வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதில் என்ன கஷ்டம், ஒரு சேரைப் போட்டுச் சாப்பிட வேண்டியதுதானே? அப்படித்தான் நானும் நினைத்தேன்.

ஆனால் எங்களோடு என் மாமனார் இருக்கிறார். நகரிப் பக்கத்து விவசாயி. தரையில் சம்மணமிட்டுத்தான் சாப்பிடுவார். அப்பா கீழே இருக்க, பிள்ளை நாற்காலியில் உட்கார்வதா? எங்கள் பக்கத்தில் அது நடக்காது. பிள்ளை ஹெட்மாஸ்டரே ஆனாலும் நடக்காது.

அதனால் இவர், அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகு பின்னறைக்குப் போய், ஜன்னல் திண்டில் தட்டை வைத்து, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த இரண்டு ஆண்களுக்கும் சாப்பிடும் நேரத்தை விட்டால் வேறு பேச்சே கிடையாது. சோற்றைப் பிசையும்போதுதான் மழை, கிணறு, எருமை எல்லாம் வெளியே வரும். அதுவும் நின்றுபோயிற்று. மாமனாரின் சாப்பாடும் பாதியாகக் குறைந்தது. “அவன் துன்னானாம்மா?” என்று மட்டும் என்னைக் கேட்பார். இருவரும் என் கண்ணெதிரே இளைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு பேரையுமே மேசையில் உட்காரவைத்துவிட்டால்? யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டைனிங் டேபிள் செட் வாங்க வாத்தியார் வீட்டில் ஏது வசதி?

அந்தச் சமயத்தில்தான் ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் இருந்த எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். ஊரில் எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஒரு லாரி நின்றது. பக்கத்து வீட்டு சரோஜாவின் கணவருக்கு மெட்ராஸ் பக்கம் டிரான்ஸ்ஃபர். லாரியில் இடமில்லாமல் மிஞ்சிய ஒரு டேபிளையும் ஒரு ஜோடி சேர்களையும் காட்டி, “நீயே வெச்சுக்கோக்கா. ஏலத்துல குடுக்க மனசு வரலே” என்றாள். கிளம்புகிற அவசரத்திலும் அந்த மேசையைத் துடைத்துவிட்டுத்தான் போனாள்.

எதிர்வீட்டு ரத்னம்மாவின் கதை நேர்மாறு. திருத்தணியில் மண்டி வைத்திருந்த அவள் தம்பி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தான். அதில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதுகிற உசந்த மேசை ஒன்று, அதற்கேற்ற உசந்த நாற்காலி ஒன்று. “தீசுகோக்கா, நீயே எடுத்துக்கோ, எங்க வீட்ல இதுக்கு எடம் லேது” என்று ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

இரண்டு மேசைகளையும் ஒட்டிப் போட்டேன். நகரிக் கட்டம் போட்ட துணியை மேலே விரித்தேன். அது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கியது. சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து சுவருக்கு அடித்தேன். பித்தளைச் சொம்பில் நாலு செவ்வரளி. எனக்கு ஒரு ஸ்டூல். அறை ஜோராகத்தான் இருந்தது.

மாமனாரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினேன். சரோஜாவின் ஜோடி சேர்களைத் தாழ்ந்த மேசைக்கு எதிரும் புதிருமாகப் போட்டு, ஒன்றில் அவரை உட்காரவைத்தேன்.

இவர் வந்தார். பார்த்தார். அப்படியே நின்றார்.

“இன்னாடா நிக்கிறே?”

“பரவால்ல நைனா, நீ துன்னு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே இருந்தவரை மேலே ஏற்றியாயிற்று, சரி. ஆனால் அப்பாவும் பிள்ளையும் சரிக்குச் சரி உயரம்! எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதுவும் ஆகாதே. தட்டை எடுத்துக்கொண்டு இவர் பின்னறைக்குத் திரும்பினார். காலை இழுத்து இழுத்து நடந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனார் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கணக்குப்பிள்ளை நாற்காலியில் ஏறினார். ஆயுள் முழுக்கத் தரையில் சாப்பிட்ட மனிதர்... கால் இரண்டும் அந்தரத்தில் தொங்குகின்றன. மேசையை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப நான் மேலே, நீ கீழே. வந்து குந்துடா.”

இவர் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். மடங்காத காலை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டார்.

செட்டாக வாங்கியிருந்தால் இது நடந்திருக்குமா? எல்லா நாற்காலிக்கும் ஒரே உயரம் அல்லவா வைத்திருப்பான் கடைக்காரன்? சரோஜா, நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. ரத்னம்மா, நீயும்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் போனவர்களும் இந்தப் பக்கம் வந்தவர்களுமாகச் சேர்ந்து என் வீட்டில் பந்தி போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

அன்றைக்கு நகரி எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்று அப்பாவும் பிள்ளையும் ஆரம்பித்தார்கள். மேலேயிருந்து ஒருவர் ஒன்று சொல்ல, கீழேயிருந்து ஒருவர் மறுத்துச் சொல்ல... பிசைந்த கை இருவருக்கும் காய்ந்துவிட்டது.

நான் சமைத்த சோறு ஆறிப்போனதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.